லண்டனில் ட்ரஸ்டி (அறங்காவலர்) பதவி வந்திருக்கு, நாளைக்குள்ள பதில் சொல்லணும்

நீலப்பேனா:
வணக்கம். இங்க வந்து சில மாதம்தான் ஆகுது. ஊர்ல முதல்ல பாலிசி லாபியிங் பண்ணேன். சட்ட வரைவை வச்சு அதிகாரிகளோட வரி வரியா வாதாடுற வேலை. பிறகு ஒரு தொண்டு நிறுவனத்துக்குத் தலைமை. கடைசியா, மோதிக்கிட்ட சமூகங்களை ஒரே அறையில உட்கார வைக்கிற சமாதானப் பணி. இங்க போட்ட விண்ணப்பம் எதுக்கும் பதில் இல்ல. இப்ப ஒரு சாரிட்டி, அதாவது தொண்டு நிறுவனம், என்னை ட்ரஸ்டியா கூப்பிடுது. கையிருப்பு கரையுது. சரின்னு சொல்லிடலாமா? தூக்கமே வரல.

வடகாற்று:
முதல்ல கிடைச்ச வேலையில சேருங்க. நான் வந்த புதுசுல கிடங்குல ராத்திரி ஷிப்ட்தான். பனியில பஸ்ஸுக்கு நின்னு விரல் மரத்துப் போகும். படிப்பை யாரும் கேக்கல. வாடகை கட்டினாதான் மத்ததை யோசிக்க முடியும்.

மாலைரயில்:
தயவுசெஞ்சு அப்படிப் போகாதீங்க. என் தோழி அப்படித்தான் போனா, இன்னும் தன் துறைக்குத் திரும்ப முடியல. இங்கேயே ஒரு மாஸ்டர்ஸ் படிங்க, அதான் வழி.

வடகாற்று:
கையிருப்பு கரையுதுன்னு சொல்றவங்ககிட்ட மாஸ்டர்ஸா? ஃபீஸ் யார் கட்டுவா?

கடல்தாண்டி:
படிச்சாலும் வேலை எங்க இருக்கு? பிரிட்டிஷ் அரசு வெளிநாட்டு உதவி நிதியை 2021ல தேசிய வருமானத்துல 0.7 சதவீதத்துல இருந்து 0.5 ஆக்கினாங்க. 2027க்குள்ள 0.3ன்னு அறிவிச்சுட்டாங்க. சமாதான அமைப்புகள்ல ஆட்குறைப்பு. நம்ம அனுபவத்தைப் பேச மேடைக்குக் கூப்பிடுறாங்க, முடிவெடுக்கிற மேசைக்குக் கூப்பிடறதில்ல. மனசு வெறுத்துப் போச்சு.

மாலைரயில்:
உண்மைதான். நானும் எத்தனை கூட்டத்துல சும்மா பேசிட்டு வந்திருக்கேன். பஸ் காசு கூடத் தரல.

தேன்கூடு:
கேட்ட கேள்விக்கு வருவோம். நீலப்பேனா, ட்ரஸ்டிங்கறது சம்பள வேலை இல்ல. இங்கிலாந்துல பொதுவா செலவுத்தொகை மட்டும்தான் தருவாங்க. சம்பளம் வாங்குறது சீஃப் எக்ஸிகியூட்டிவ்; அவரை மேற்பார்வை பார்க்கிறது ட்ரஸ்டிகள். பணம் தவறாப் போனா சட்டப்படி பதில் சொல்ற பொறுப்பு உங்களுக்கும் வரும். சாரிட்டிகளைக் கண்காணிக்கிற சாரிட்டி கமிஷனோட இணையதளத்துல அவங்க பேரைத் தேடுங்க. கணக்கு நேரத்துக்குத் தாக்கலாச்சா, மத்த ட்ரஸ்டிகள் யாருன்னு இலவசமாப் பார்க்கலாம். ஒரே நாள்ல பதில் கேக்குறது எனக்குச் சரியாப் படல. நல்ல அமைப்புன்னா அவகாசம் தரும். அப்படி அமைஞ்சா உள்ளூர் ரெஃபரன்ஸ் கிடைக்கும், அது பெரிய விஷயம்.

வேலைக்கு, மூணு அனுபவத்தையும் ஒரே சி.வி.யில கொட்டாதீங்க. லாபியிங்னு தேடினா கொஞ்சம்தான் வரும். பப்ளிக் அஃபேர்ஸ், அட்வகேசி, பாலிசி மேனேஜர்னு தேடுங்க. சட்ட மாற்றத்துக்காக சாரிட்டி பிரச்சாரம் பண்ணலாம், ஆனா எந்தக் கட்சிக்கும் ஆதரவு தரக்கூடாது. நேர்காணல்ல இந்த எல்லையைப் பத்தித் தெளிவாப் பேசினா, இந்த ஊர் விதி தெரிஞ்சவங்கன்னு நம்புவாங்க. கூலிக்கு லாபி பண்ற ஆலோசகர்களுக்கு 2014 சட்டப்படி தனிப் பதிவேடு இருக்கு, அதையும் படிச்சு வைங்க. சமாதானப் பணிக்கு லண்டன்லயே இன்டர்நேஷனல் அலெர்ட், கன்சிலியேஷன் ரிசோர்சஸ்னு அமைப்புகள் இருக்கு, போட்டி கடுமை. உள்ளூர் கவுன்சில்கள்ல சமூக நல்லிணக்கப் பணியிடம் வரும். அறையில எதிரிகளை உட்கார வச்ச உங்க அனுபவம் அங்க நேராப் பயன்படும். என்ன விசான்னே நீங்க சொல்லலையே? சாரிட்டி வொர்க்கர் விசான்னா சம்பள வேலையே கூடாது. வேலை தர்றவங்களே விசாவுக்கு ஸ்பான்சர் பண்ணணும்னா (ஸ்கில்ட் வொர்க்கர் விசா), 2025 ஜூலைல இருந்து பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. சின்ன சாரிட்டிகளுக்கு அது எட்டாது.

நீலப்பேனா:
மன்னிக்கணும், சொல்ல விட்டுட்டேன். கணவரோட ஸ்கில்ட் வொர்க்கர் விசாவுல டிபென்டன்ட்டா வந்தேன்.

தேன்கூடு:
அப்போ பெரும்பாலான வேலைக்குத் தடை இல்ல அக்கா, ஸ்பான்சரும் வேண்டாம். விண்ணப்பத்தோட முதல் வரியிலேயே அதை எழுதுங்க. இது தெரியாமலே ஒதுக்கி வச்சிருக்கலாம். அந்த சாரிட்டிக்கு இன்னிக்கே மெயில் போடுங்க: “கடைசி ஆண்டுக் கணக்கும் நிர்வாக ஆவணமும் அனுப்புங்க, படிச்சுட்டு ரெண்டு வாரத்துல சொல்றேன்.” சி.வி.யை இங்க போடுங்க, பேர், விலாசத்தை மட்டும் அழிச்சுட்டு. வார இறுதியில பார்க்கிறேன்.