புதுப்பிப்பு: டார்மிட்டரியில் விடியற்கால அலாரம்

பொது அறையில் ஒருவருடைய அலாரம் விடியுமுன் திரும்பத் திரும்ப அடித்து எல்லோரையும் எழுப்புகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். தனியாகப் பேசிப் பாருங்கள் என்று பலர் சொன்னீர்கள். சமையலறையில் அவர் மட்டும் இருந்தபோது சொன்னேன். பாவம், அவருக்குத் தெரியவே இல்லை. காதடைப்பான் போட்டுத் தூங்குபவர், தன் அலாரமே அவருக்குத் தாமதமாகத்தான் கேட்டிருக்கிறது. அன்றிரவே கைக்கடிகார அதிர்வுக்கு மாறிவிட்டார்.

அப்புறம்தான் மற்ற சத்தங்கள் தெரிந்தன. அதில் மோசமானது பிளாஸ்டிக் பையின் சரசரப்பு. அதிகாலையில் கிளம்புபவர்கள் முந்தைய இரவே மூட்டை கட்டி, உடுத்த வேண்டியதைத் தனியே எடுத்து வைத்தால் போதும். பையைக் கதவுக்கு வெளியே கொண்டுபோய் ஜிப்பைத் திறக்கலாம். விளக்கு வேண்டுமென்றால் மங்கலான சிவப்பு வெளிச்சம் நல்லது, இருட்டுக்குப் பழகிய கண்ணை அது அதிகம் கூச வைக்காது.

குறட்டைக்கு என்ன வழி என்று ஒருவர் கேட்டிருந்தீர்கள். குறட்டை விடுபவரைக் குற்றம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மல்லாந்து படுப்பதைவிட ஒருக்களித்துப் படுத்தால் பலருக்குக் குறையும். குறட்டைச் சத்தத்தில் தூங்க முடியாதவர்கள் நுரைக் காதடைப்பானை மெல்லிசாக உருட்டி, காது மடலை மேலே இழுத்துச் செருகி, அது விரியும்வரை விரலால் பிடித்திருங்கள். சும்மா திணித்தால் பாதிப் பலன்கூட இருக்காது.