இறக்கை இல்லாத போத்தல் ராக்கெட் கவிழ்கிறது, சனிக்கிழமைக்குள் உதவி தேவை

செந்தூல்_அப்பா:
வணக்கம். சனிக்கிழமை மகளுக்குப் பள்ளியில் ராக்கெட் போட்டி, போத்தலில் தண்ணீர் ஊற்றிக் காற்றடித்துப் பறக்கவிடுவது. விழும்போதெல்லாம் இறக்கை பிய்ந்துவிடுகிறது என்று இறக்கையே இல்லாமல் ஒன்று செய்துவிட்டோம். ஹை பவர், மொத்தச் செலவு 12 வெள்ளி. நேராகக் கிளம்புகிறது. இரண்டு மாடி உயரம் போனதும் குட்டிக்கரணம் அடித்துத் திடலுக்குப் பக்கத்து வாய்க்காலில் விழுகிறது. மூன்று தடவையும் அதே கதை. பேலன்ஸ் எல்லாம் சரியாகப் பார்த்துவிட்டேன். அவசரம், யாராவது சொல்லுங்கள்.

பட்டர்வொர்த்_மணி:
என்ன போத்தல் அண்ணே? எவ்வளவு நீளம்? தண்ணீர் எவ்வளவு, காற்றழுத்தம் எத்தனை பிஎஸ்ஐ? ஒரு படம் போடுங்கள்.

கெப்போங்_டீச்சர்:
தண்ணீர்தான் காரணம், பார்க்காமலே சொல்வேன். எங்கள் மாணவர்கள் பாதிப் போத்தலுக்கு மேல் ஊற்றிவிடுவார்கள். அதை வெளியே தள்ளவே காற்று தீர்ந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு போதும்.

பழைய_ராக்கெட்:
முதலில் தலைவரின் தமிழைத் திருத்துவோம். மொத்த உந்தல் 160 நியூட்டன்-வினாடியைத் தாண்டிய, எரிபொருள் அடைத்த எச் வகை மோட்டாரிலிருந்துதான் ஹை பவர் என்று பெயர். உங்கள் போத்தல் அதற்குப் பக்கத்தில்கூட வராது. அந்த மோட்டார் வேண்டுமானால் இங்கே மலேசியாவில் 1957-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் வாசலில் போய் நிற்க வேண்டும். இறக்கை இல்லாத ராக்கெட்டைப் பற்றி இங்கே எத்தனையோ முறை பேசியாகிவிட்டது. தேடிப் படித்துவிட்டுக் கேட்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை.

ஆயர்_ஈத்தாம்_ரவி:
அவர் கிடக்கிறார் அண்ணே. ஒரு யோசனை. தண்ணீர் பீய்ச்சும் வாயை மேலே வைத்து, உடம்பைக் கீழே தொங்கவிடுங்கள். வண்டிக்கு முன்னால் மாடு கட்டினால் வண்டி தானாகப் பின்னால் வரும் இல்லையா, அதே மாதிரி.

பழைய_ராக்கெட்:
ரவி, இதே மாட்டை 1926 மார்ச் 16-ல், திரவ எரிபொருள் ராக்கெட்டை முதலில் பறக்கவிட்ட அமெரிக்கர் ராபர்ட் காடர்ட் கட்டிப் பார்த்தார். எஞ்சின் மேலே, தொட்டிகள் கீழே. இரண்டரை வினாடி பறந்தது, 12 மீட்டர் உயரம் ஏறியது, 56 மீட்டர் தள்ளி முட்டைக்கோஸ் தோட்டத்தில் விழுந்தது. பிற்பாடு அவரே எஞ்சினைக் கீழே இறக்கிவிட்டார். ராக்கெட் சாய்ந்தால் எஞ்சினும் கூடவே சாய்கிறது, தள்ளும் திசையும் சாய்ந்துவிடுகிறது. நிமிர்த்திவிட எதுவும் இல்லை. மாட்டுக்குக் கண் உண்டு, பாதை தெரியும்.

செந்தூல்_அப்பா:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். 100பிளஸ் பானத்தின் 1.5 லிட்டர் போத்தல். கீழ்ப் போத்தலில் மட்டும்தான் காற்று, மேலே உள்ளவை வெட்டி ஒட்டியவை. மொத்தம் 75 செ.மீ. தண்ணீர் அரை லிட்டர்தான் டீச்சர். காற்று 90 வரை அடித்தேன். பேலன்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். காலி ராக்கெட்டை விரலில் வைத்தால் சரியாக நடுவில் நிற்கிறது, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்வதே இல்லை.

பட்டர்வொர்த்_மணி:
அண்ணே, அதுதான் வியாதி! நடுவில் நிற்பது தராசுக்கு அழகு, ராக்கெட்டுக்கு இல்லை. எடை மையம், அதாவது விரலில் நிற்கும் இடம், முன்னால் இருக்க வேண்டும், காற்று தள்ளும் அழுத்த மையம் அதற்குப் பின்னால். அப்போதுதான் சாய்ந்தால் காற்றே வாலைப் பின்னுக்குத் தள்ளி நிமிர்த்தும்.

அட்டையில் ராக்கெட் உருவத்தை வெட்டி, அது எங்கே நிற்கிறதோ அதுதான் அழுத்த மையம் என்று சிலர் சொல்வார்கள். இறக்கை இல்லாததற்கு அதை நம்ப வேண்டாம். ராக்கெட் குறுக்காகப் பறந்தால்தான் அந்தக் கணக்கு சரி. நேராகப் போகும்போது உருளையான உடம்பு அநேகமாக ஒன்றும் செய்யாது, மூக்கு மட்டும்தான் காற்றைப் பிடிக்கும். அதனால் அழுத்த மையம் மூக்குக்கே ஓடிவிடுகிறது. 1966-ல் ஜேம்ஸ் பாரோமன் என்ற ராக்கெட் பொறியாளர் போட்டுக் காட்டிய கணக்கு இது.

வாலில் ஒரு பாவாடை கட்டுங்கள். தடித்த கோப்பு அட்டையைக் கூம்பாகச் சுருட்டினால் போதும். அந்தக் கணக்கில், காற்றைப் பிடிப்பதில் மூக்கின் பங்கு 2. போத்தல் 9 செ.மீ. அகலம், பாவாடையின் வாய் 14 செ.மீ. என்றால் அதன் பங்கு 2.8 வரும். அழுத்த மையம் நுனியிலிருந்து சுமார் 43 செ.மீ.க்கு இறங்கும். எடை மையம் அதற்கு ஒரு போத்தல் அகலமாவது முன்னால், 34 செ.மீ.யில் இருக்கட்டும். உங்களுடையது இப்போது 37-ல். மூக்கில் களிமண் வையுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக.

அப்புறம், காலி ராக்கெட்டின் எடை மையத்தில் கயிறு கட்டித் தலைக்கு மேலே சுழற்றுங்கள். மூக்கு முன்னால் போனால் சரி, வால் முன்னால் வந்தால் களிமண் போதவில்லை. 60 பிஎஸ்ஐ போதும். பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும். காற்றுப் போத்தலில் சூடான பசை மட்டும் வேண்டாம், பிளாஸ்டிக் இளகிவிடும்.

ஆயர்_ஈத்தாம்_ரவி:
பாவாடை வைத்தால் அதுவும் இறக்கைதானே? பிறகு என்ன இறக்கை இல்லாத ராக்கெட்?

பட்டர்வொர்த்_மணி:
இறக்கை தட்டை. இது கூம்பு.

ஆயர்_ஈத்தாம்_ரவி:
அப்படியானால் தீபாவளி வாணத்துக் குச்சி என்ன கணக்கு? திப்பு சுல்தானின் ஆட்கள் ராக்கெட்டுக்கு மூங்கில் கட்டினார்களே, அதை என்ன சொல்வீர்கள்?

பழைய_ராக்கெட்:
குச்சி வால். வால் வேறு, இறக்கை வேறு. மைசூரில் அடிவாங்கியதும் வெள்ளைக்காரன் அதைக் குச்சியோடு நகல் எடுத்தான். 1844-ல் ஆங்கிலேயர் வில்லியம் ஹேல் குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெளியேறும் புகையாலேயே ராக்கெட்டைச் சுழலவைத்தார். அதுதான் உண்மையிலேயே இறக்கை இல்லாதது. மற்றதெல்லாம் ஒட்டு வேலை.

கெப்போங்_டீச்சர்:
ஐயா, போட்டி நாளை மறுநாள். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாமே.

ஆயர்_ஈத்தாம்_ரவி:
சண்டை இல்லை டீச்சர், சந்தேகம்லா.

செந்தூல்_அப்பா (சனி மாலை):
பாவாடை லாஞ்சரில் இடித்தது, செங்கல் வைத்து உயர்த்தினேன். கயிறு கட்டிச் சுழற்றியதில் மனைவியின் துளசிச் சட்டி உடைந்தது. களிமண் இரண்டு உருண்டை. ராக்கெட் நேராகப் போனது. இப்போது பள்ளிக் கூரைமேல் இருக்கிறது. நன்றி மணி.

கெப்போங்_டீச்சர்:
தண்ணீர் எவ்வளவு வைத்தீர்கள்?