விலை குறைந்த கைத்துப்பாக்கிகளை நம்பலாமா? உரிமம் வைத்திருப்பவர்களின் அனுபவம் தேவை

பதிவிட்டவர்: தாராபுரம் தென்னந்தோப்பு

அனைவருக்கும் வணக்கம். தாராபுரத்துக்குத் தெற்கே அமராவதிப் பாசனத்தில் தென்னையும் மக்காச்சோளமும் வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தை அறிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு குடும்பமும் அவரவர் தோட்டத்துச் சாளையில் தனித்தனியாக இருக்கிறது. அடுத்த வீட்டு விளக்கு கண்ணுக்குத் தெரியும், கூப்பிட்டால் குரல் எட்டாது. பல்லடம் பக்கமும் சிவகிரிப் பக்கமும் தோட்டத்து வீடுகளில் தனியாக இருந்த முதியவர்கள் கொல்லப்பட்ட பிறகு, எழுபது வயதைக் கடந்த என் தாயாரும் தந்தையாரும் பொழுது சாய்ந்தால் வாசலுக்கு வருவதில்லை. நாய் குரைத்தால் இருவருமே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அதனால் கைத்துப்பாக்கிக்கு விண்ணப்பித்தேன். காவல் துறை விசாரணை, ஆட்சியர் அலுவலகத்துக்குப் பல நடை என்று எல்லாம் முடிந்து உரிமம் கைக்கு வந்துவிட்டது. அதில் குறித்துள்ள காலத்துக்குள் வாங்கியாக வேண்டும். என்னால் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை செலவிட இயலும்.

நான் விசாரித்தவரை இந்த விலைக்குள் கான்பூரில் தயாராகும் பாயிண்ட் 32 (குண்டின் விட்டம், அங்குலத்தில்) ரிவால்வர், அதன் எடை குறைந்த வடிவமான நிர்பீக், மேற்கு வங்கத்து ஈசாப்பூரின் பாயிண்ட் 32 பிஸ்டலான அஷானி ஆகியவை அடங்கலாம் என்று தெரிகிறது. 2023 இல் வெளிவந்த பிரபல் ரிவால்வரையும் ஒருவர் சொன்னார். இன்னொருவரோ, உள்நாட்டுத் துப்பாக்கிகள் எல்லாம் அலங்காரத்துக்குத்தான் ஆகும், பல லட்சம் போனாலும் பழைய வெளிநாட்டுத் துப்பாக்கியைத்தான் வாங்க வேண்டும் என்று அடித்துச் சொல்கிறார். விலை குறைவு என்பதாலேயே தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடுமா என்பதுதான் என் கவலை. கையில் வைத்துப் பழகியவர்கள் மட்டும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: சென்னிமலை, ராணுவத்தில் ஓய்வு

தம்பி, முதலில் அந்தப் பல லட்சம் ரூபாய்க் கதையை முடித்துவிடுவோம். தனியார் வெளிநாட்டிலிருந்து துப்பாக்கி கொண்டுவருவது 1980களின் நடுவில் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் வந்து சேர்ந்தவையே இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் விலை அவை அரிதாகிவிட்டதற்கான விலையாகும். அதைத் தரத்தின் அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாற்பது, ஐம்பது ஆண்டு பழகிய துப்பாக்கியில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், மாற்றுப் பாகம் கிடைக்காது, முன்பு வைத்திருந்தவர் அதை எப்படிப் பராமரித்தார் என்பதும் தெரியாது. நல்ல பொருளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பார்த்து வாங்கத் தெரியாதவர் அதில் இறங்கக் கூடாது.

இரண்டாவது, குண்டின் அளவு. 9 எம்எம், 38, 455 போன்றவை தடை செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை என்பதால், நம்மைப் போன்றவர்களின் கைத்துப்பாக்கி பெரும்பாலும் பாயிண்ட் 32 இலேயே வந்து நிற்கிறது. ரிவால்வருக்கு உரிய தோட்டா 32 எஸ் அண்டு டபிள்யூ லாங், பிஸ்டலுக்கு உரியது 32 ஏசிபி. பெயர் ஒன்று போலத் தோன்றினாலும் இரண்டும் வேறு. கடையில் கேட்கும்போது தெளிவாகச் சொல்லி வாங்குங்கள்.

கான்பூர் ரிவால்வரின் அடிப்படை பழைய வெப்லி அமைப்பாகும். மேலே உள்ள பூட்டைத் தள்ளினால் குழல் முன்பக்கமாக மடிந்து திறக்கும். சுட்ட கூடுகளை அதுவே வெளியே தள்ளிவிடும். ஆறு தோட்டா கொள்ளும். நூறாண்டுக்கு மேல் பழகிய அமைப்பு என்பதால் மறைந்திருந்து வெளிப்படும் குறை என்று பெரிதாக ஒன்றுமில்லை. பழைய துப்பாக்கியாக வாங்கினால் அந்தப் பூட்டும் கீலும் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். துப்பாக்கி காலி என்பதை இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, தோட்டாவின் அடியில் அடிக்கும் சுத்தியலை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். அது பின்னால் சென்று நிற்கும்போது, தோட்டா அறைகள் கொண்ட சுழலும் சிலிண்டரும் அசையாமல் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் இதைச் செய்து பாருங்கள். ஓர் அறை சற்று விலகி நின்றாலும், குண்டு குழலுக்குள் நுழையும்போது ஈயம் சீவப்பட்டுப் பக்கவாட்டில் தெறிக்கும். அத்தகைய துப்பாக்கியைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பலரும் குறையாகச் சொல்வது விசையின் கடினம். சுத்தியலை இழுக்காமல் நேரடியாக விசையை அழுத்தும்போது, பழக்கமில்லாத விரலுக்கு அது கனமாகத்தான் இருக்கும். இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். பணி ஓய்வு பெற்று வந்து வாங்கிய ரிவால்வரை இலகுவாக்குவதற்காக, பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்து ஸ்பிரிங்கைச் சற்று அறுத்துவிடச் சொன்னேன். விசை வெண்ணெய் போல ஆயிற்று. அடுத்த முறை சுட்டபோது ஆறில் இரண்டு வெடிக்கவில்லை. தோட்டாவின் அடியில் சுத்தியல் பட்ட தடம் இருந்தது, ஆழம் போதவில்லை. ஊரெல்லாம் தோட்டாவைத்தான் குறை சொல்லிக்கொண்டு திரிந்தேன். புது ஸ்பிரிங் போட்ட பிறகு அதே பெட்டித் தோட்டாக்கள் ஒன்று விடாமல் வெடித்தன. நம்ம கோயம்புத்தூர்ப் பக்கம் லேத்துப் பட்டறைக்குக் குறைவில்லை, மோட்டார் பம்பைப் பிரித்துப் போட்டு மாலைக்குள் ஓட்டிக் காட்டுவார்கள் என்ற துணிச்சலில் துப்பாக்கியையும் கொண்டுபோய்விடாதீர்கள். ஆயுதத்தைப் பழுது பார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும். இல்லாதவர் தொட்டால் அவருக்கும் வழக்கு, உங்களுக்கும் வழக்கு.

நிர்பீக் 2014 இல் வந்தபோது விலை சுமார் 1,22,000 ரூபாய். டைட்டேனியம் கலவையால் ஆனது, எடை ஏறத்தாழ 500 கிராம். பையில் வைத்துக்கொள்பவர்களுக்கு அந்த இலகு பயன்படும். வீட்டுக்குள் பூட்டி வைப்பவருக்கு எடை ஒரு பொருட்டில்லை என்பது என் எண்ணம். பிரபலில் குழல் மடியாது, சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும். இந்திய ரிவால்வரில் அது புதிது. எடை 700 கிராம், குழலின் நீளம் 76 மில்லிமீட்டர். 50 மீட்டர் எட்டும் என்று விளம்பரம் செய்கிறார்கள். தோட்டத்து வாசலில் நின்றுகொண்டு 50 மீட்டர் தள்ளி இருட்டில் எதைச் சுடப்போகிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை. என் ஓட்டு, கான்பூரின் பழைய வகைப் புதிய ரிவால்வருக்கு.

மறுமொழி 2: திருப்பூர் பனியன்காரன்

ஐயா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். பிஸ்டல் வைத்திருப்பவன் என்ற முறையில் அந்தப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பாயிண்ட் 32 பிஸ்டல் தட்டையாக இருக்கும், உடைக்குள் தெரியாது. சம்பளப் பணத்தோடு வங்கியிலிருந்து கம்பெனிக்கு வரும் நாட்களுக்காகவே அதை வாங்கினேன். ஆனால் ரிவால்வரைப் போல அலட்சியத்தை அது பொறுத்துக்கொள்ளாது. 32 ஏசிபி தோட்டாவின் அடிவிளிம்பு சிறிது வெளியே துருத்திக்கொண்டிருக்கும். தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் மேகசினில் நிரப்பும்போது மேலே உள்ள தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால், இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு மேலேறாமல் நின்றுவிடும். துப்பாக்கி எத்தனை லட்சம் பெற்றாலும் இந்தச் சிக்கல் உண்டு, ஏனெனில் குறை தோட்டாவின் வடிவத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு தோட்டாவும் கீழே உள்ளதற்கு முன்பாக அமர்கிறதா என்று பார்த்து நிரப்பினால் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

மற்றொன்று எங்கள் ஊருக்கே உரியது. கம்பெனி அறையின் மேசை இழுப்பறையில் ஓராண்டு காலம் வைத்திருந்தேன். எண்ணெய் பூசிய இரும்பில் பனியன் பஞ்சு வந்து படிந்து உள்ளெல்லாம் மெத்தை விரித்தாற்போல ஆகியிருந்தது. பயிற்சிக்குச் சென்ற அன்று இரண்டாவது தோட்டாவிலேயே, சுடும்போது பின்சென்று முன்வரும் மேற்பகுதி பாதியில் நின்றுவிட்டது. அதைப் பிஸ்டலின் குறை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் பெற்றோரும் எடுத்துக் கையாள நேரிடும் என்றால் பிஸ்டல் வேண்டாம். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் ரிவால்வரில் மறுபடி விசையை அழுத்தினால் போதும், அடுத்த அறை வந்துவிடும். பிஸ்டலில் மேற்பகுதியை இழுத்து அந்தத் தோட்டாவை வெளியேற்ற வேண்டும். நடுங்கும் கைக்கு அது ஆகாத வேலை. அதோடு, உரிமம் உங்கள் பெயரில் மட்டும் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத இரவில் அது அவர்களுக்கு உதவும் பொருளாகக் கணக்கில் வராது.

மறுமொழி 3: பொள்ளாச்சி

ஒரு சிறு குறிப்பு மட்டும். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். எங்கள் ஊரில் சமையல் முதல் தலைக்கு வரை அதுதான் என்பதால், என் தந்தையார் ரிவால்வருக்கும் அதையே போட்டு வந்தார். மார்கழியில் ஆனைமலைக் காற்று இறங்கியதும், புட்டியில் உறைவதைப் போலவே துப்பாக்கிக்குள்ளும் உறைந்து, சுத்தியல் களிமண்ணில் இழுத்தது போல நகர்ந்தது. துப்பாக்கிக்கு என்று விற்கும் எண்ணெய் ஒரு புட்டி வாங்கினால் பத்தாண்டு வரும். அதையும் தோட்டாவின் மேல் படவிடக் கூடாது. அடியில் உள்ள பிரைமருக்குள் எண்ணெய் கசிந்தால் மருந்து செத்துவிடும். தோல் உறையிலும் தோல் பட்டையிலும் மாதக்கணக்கில் போட்டு வைத்தால் இரும்பில் துரு ஏறும், பித்தளைக் கூட்டில் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

மறுமொழி 4: கோவை, குறி சுடுபவர்

மேலே சொன்னவை யாவும் பயனுள்ளவை. இருப்பினும், இந்த விவாதத்தின் அடித்தளத்திலேயே எனக்கு ஓர் ஐயம் உண்டு.

நம் பகுதியில் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம், உங்கள் துப்பாக்கி எப்படி என்று கேட்டால், இருபது ஆண்டாக ஒரு பழுதும் இல்லை என்ற பதில் உடனே வரும். அந்த இருபது ஆண்டில் எத்தனை தோட்டா சுட்டீர்கள் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். பன்னிரண்டு, பதினைந்து என்பார்கள். தோட்டா விலை அதிகம், உரிமத்தில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் வாங்க இயலாது, சுடுவதற்கு முறையான இடமும் எல்லா ஊரிலும் கிடையாது. காரணங்கள் நியாயமானவையே. ஆனாலும் பெட்டிக்குள் இருபது ஆண்டு தூங்கிய துப்பாக்கிக்குப் பழுது எங்கிருந்து வரும்?

ஒரு கணக்கைப் பாருங்கள். இருபது தோட்டாவுக்கு ஒரு முறை தவறும் மோசமான துப்பாக்கி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் பன்னிரண்டு தோட்டா மட்டும் சுடும் ஒருவருக்கு ஒரு தவறுகூடத் தென்படாமல் போவதற்குப் பாதிக்கும் மேல் வாய்ப்பு இருக்கிறது. அவர் அது தங்கமான துப்பாக்கி என்று சத்தியம் செய்வார், பொய்யும் சொல்லவில்லை. ஐம்பது தோட்டா சுட்டால் அந்த வாய்ப்பு நூற்றில் எட்டாகக் குறைந்துவிடும். ஆகவே யார் எந்த வகையைப் புகழ்ந்தாலும், இகழ்ந்தாலும், எத்தனை தோட்டாவின் அடிப்படையில் சொல்கிறார் என்று கேட்காமல் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். விலை உயர்ந்த பழைய துப்பாக்கிகளின் பெருமைக்கும் இது பொருந்தும். சொல்லப்போனால் அவற்றுக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும், ஏனெனில் லட்சங்கள் கொடுத்தவர் குறையைச் சொல்லமாட்டார்.

எனவே என் யோசனை இது. ரிவால்வர் வாங்குங்கள், மிச்சமாகும் பணத்தைத் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் ஒதுக்குங்கள். முறையான சுடுதளத்தில் பயிற்றுநர் ஒருவர் அருகிலிருக்க, முதல் ஐம்பதைச் சுட்டுப் பாருங்கள். ஒன்று வெடிக்காமல் போனால் உடனே திறந்து பார்க்காதீர்கள். பாதுகாப்பான திசையை நோக்கியே பிடித்துக்கொண்டு அரை நிமிடம் காத்திருங்கள், சில நேரம் தாமதமாக வெடிக்கும். பிறகு எடுத்து அடியில் தடத்தைப் பாருங்கள். தடம் ஆழமாக இருந்தால் தோட்டாவின் கோளாறு, மேலோட்டமாக இருந்தால் சென்னிமலை ஐயா சொன்ன ஸ்பிரிங்கின் கோளாறு. ஒரே அறையில் திரும்பத் திரும்ப நடந்தால் சிலிண்டரைப் பரிசோதிக்க வேண்டும். எல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதப்பட வேண்டும். வீட்டில் வைக்கும் தோட்டா, சோதித்துப் பார்த்த அதே பெட்டி வரிசையைச் சேர்ந்ததாக இருக்கட்டும்.

பதிவிட்டவர்: தாராபுரம் தென்னந்தோப்பு

அனைவருக்கும் நன்றி. பிஸ்டல் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். இன்னும் ஒரு கேள்வி. என் தந்தையார் பெயரில் 12 போர் அளவில் இரட்டைக்குழல் நீளத் துப்பாக்கி ஒன்று உரிமத்தோடு இருக்கிறது, பல ஆண்டாகச் சுடவில்லை. கைத்துப்பாக்கி வந்த பிறகு அதைக் கொடுத்துவிடலாமா? மேலும், தேர்தல் அறிவித்தால் ஒப்படைக்க வேண்டியிருக்குமே, அந்த நாட்களில் புதுத் துப்பாக்கிக்கு என்ன செய்வது?

மறுமொழி 5: சென்னிமலை, ராணுவத்தில் ஓய்வு

கொடுக்காதீர்கள் தம்பி. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகும் ஒருவர் இரண்டு துப்பாக்கி வரை வைத்திருக்கலாம். அதுவோ உங்கள் தந்தையார் பெயரில் தனியாக இருக்கிறது. நீங்கள் இல்லாத இரவில் சட்டப்படி அவர் கையில் எடுக்கக் கூடியது அது ஒன்றுதான். அப்படி ஒன்று இருப்பது தெரிந்திருந்தால் இதை முதலிலேயே எழுதியிருப்பேன். இரட்டைக்குழலில் சிக்கிக்கொள்ள அதிகப் பாகங்களும் கிடையாது. குழலின் உள்ளே வெளிச்சம் விட்டுப் பாருங்கள், குழி விழுந்திருந்தால் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்; பழைய தோட்டாக்களைக் கடையில் கேட்டு முறைப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கும் முன் துடைத்து, மெலிதாக எண்ணெய் பூசி, தோல் உறை இல்லாமல் துணியில் சுற்றிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். திரும்பி வந்த அன்றே பிரித்துத் துடைத்துவிட்டு, ஆறு தோட்டா சுட்டுப் பார்த்த பிறகே பெட்டியில் வையுங்கள்.