பனிக்கால மரவேலையும் வீடு நிறைய ஆட்களும்: உங்கள் அனுபவம்?

அருவங்காட்டிலிருந்து:

வெடிமருந்துத் தொழிற்சாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். உளி பிடித்ததெல்லாம் அதற்கப்புறம்தான். மார்கழி, தை இரண்டு மாதமும் எங்கள் பக்கம் வெளியே உலாத்த முடியாத குளிர். பிள்ளைகளும் அரைப்பரீட்சை லீவு, பொங்கல் என்று அப்போதுதான் மலையேறி வருவார்கள். அதனால் என் வேலை எல்லாம் யாராவது வரும் தேதியைப் பார்த்துத்தான் முடியும். யாரும் வராத ஆடியில் ஆரம்பித்த புத்தக அலமாரி இன்னும் பக்கச் சட்டங்களோடு நிற்கிறது.

இங்கே சுலபமாகக் கிடைப்பது சில்வர் ஓக். தேயிலைக்கு நிழலுக்காக வைத்த மரம், பூர்வீகம் ஆஸ்திரேலியா. மலைப்பகுதியில் சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் 1955ஆம் வருஷச் சட்டப்படி அனுமதி வேண்டும். அந்த அலைச்சலுக்கு நான் ஆளில்லை, அறுத்த பலகையாகவே வாங்கிவிடுவேன். இழைத்தால் மீன் செதில் மாதிரி ஒரு மினுமினுப்பு வரும் பாருங்கள், தேக்கு பிறகு பிடிக்காது. ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் ஆகாது. எனக்கு முழங்கை வரை தடித்துப்போயிற்று. மகள் வந்து பார்த்துவிட்டு, முழுக்கைச் சட்டையும் முகமூடியும் போடாமல் பட்டறைப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

குளிரில் படுத்துவது பசைதான். பத்து டிகிரிக்குக் கீழே வெள்ளைப் பசை சரியாகப் பிடிக்காது, வெளுத்துப் பொடியாக உதிரும். அதனால் ஒட்டிய சாமானைக் கிளாம்போடு தூக்கிச் சமையலறையில் வைத்துவிடுவேன். (ஷெட்டைச் சூடாக்கக் கரி மூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மூடின அறையில் கரிப்புகை ஆளையே கொன்றுவிடும், வேண்டாம்.) பொங்கலுக்கு மருமகள் வந்தபோது அடுப்படியில் ஒரு ஸ்டூல் தலைகீழாக நின்றது. "மாமா, இதை நகர்த்தலாமா, இல்ல நாளைக்குத்தானா?" என்று கேட்டாள். நாளைக்கு என்றேன். அதைச் சுற்றிச் சுற்றியே சர்க்கரைப் பொங்கல் வைத்தாள்.

பேரனுக்கு மலை ரயில் செய்து வைத்திருந்தேன். இன்ஜின் தனி, பெட்டிகள் தனி. அவன் நேராக இன்ஜினை எடுத்துப் பின்னால் வைத்தான். "ஏறும்போது பின்னாடி இருந்துதான் தள்ளும் தாத்தா." மேட்டுப்பாளையத்திலிருந்து வந்தவனாயிற்றே. அதோடு விட்டானா? நடுவில் பல் தண்டவாளம் எங்கே என்றான். கல்லாறு தாண்டினால் 12 அடிக்கு 1 அடி ஏற்றம், பல் இல்லாமல் எப்படி ஏறும், நியாயம்தானே.

தண்டவாளம் சுலபம், ஒரு ரீப்பரில் ரம்பத்தால் வரிசையாகப் பள்ளம் போட்டால் ஆயிற்று. அதில் ஓடும் பல் சக்கரம்தான் வேலை வாங்கியது. ஒரே பலகையில் பல் வெட்டினால், நார் ஓட்டம் குறுக்கே விழும் இரண்டு பக்கத்திலும் பல் பொட்டென்று தெறித்துவிடும். மெல்லிய வட்டம் இரண்டு எடுத்து, ஒன்றின் நார் மற்றதற்குக் குறுக்கே வரும்படி ஒட்டி, பிறகு வெட்ட வேண்டும். மருமகன் பொதுவாக வந்தால் போனும் கையுமாக இருப்பவர். அன்று அரத்தை வாங்கி ஒவ்வொரு பல்லாக ராவ ஆரம்பித்தார். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

நாகர்கோவிலிலிருந்து:

அண்ணாச்சி, அந்த ஸ்டூலின் மேல்பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு இறுக்கிவிடாதீர்கள். எங்கள் அப்பா தச்சர். மழை மாசத்தில் யார் கதவு கேட்டாலும் "தை பிறக்கட்டும்" என்றுதான் சொல்வார். மரம் அகலவாக்கில்தான் ஊதிச் சுருங்கும், நீளவாக்கில் பெரிதாக ஒன்றும் ஆகாது. திருகுத் துளையைக் கொஞ்சம் நீளமாக விட்டால் பலகை அதன் இஷ்டத்துக்கு அசையும். இறுக்கினால் பங்குனி வெயிலில் நடுவில் வெடிக்கும். மலையில் எப்படியோ, கீழே மகள் வீட்டுக்குக் கொண்டுபோனால் நிச்சயம்.

கனடா, ஸ்காபரோவிலிருந்து:

இங்க ஜனவரியில கராஜுக்குள்ள பசைப் போத்தலே உறைஞ்சிடும், நான் நிலவறையிலதான் வேலை. மகள் கிறிஸ்மஸ் லீவுக்கு வந்தவ, அம்மம்மாட தேங்காய்த் திருவலை (திருவுற பலகை) மாதிரி ஒண்டு வேணுமெண்டு கேட்டா. மேப்பிள் நல்ல இறுக்கமான மரம், ஏறியிருந்து திருவினாலும் அசையாது. அலகு மட்டும் யாழ்ப்பாணத்தில இருந்து ஆரோ கொண்டு வந்தது அலுமாரிக்குள்ள கிடந்தது. பூட்டிக் குடுத்தன். பிள்ளைக்குச் சம்மணம் கட்டி இருக்கத் தெரியேல்ல, பலகையை மேசை விளிம்பில கிளாம்ப் பண்ணி, நிண்டுகொண்டு திருவுறா. இப்ப காலில்லாத ஒண்டு, மேசையில பூட்டுற மாதிரிச் செய்து தரட்டாம். ஆராவது செய்திருந்தா அளவு சொல்லுங்கோ.