‘கோட் 46’ படத்தின் 25 விழுக்காட்டு விதியும் நம் ஊர் முறை வழக்கமும்

அம்மாப்பேட்டை வாசகி கேட்கிறார்:

மைக்கேல் விண்டர்பாட்டம் இயக்கி 2003-இல் வெளிவந்த ‘கோட் 46’ படத்தைச் சென்ற ஞாயிறன்று அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். (படம் பார்க்காதவர்கள் மன்னிக்கவும், முடிச்சை அவிழ்க்காமல் இதைக் கேட்க முடியாது.) சியாட்டிலிலிருந்து ஷாங்காய்க்கு விசாரணைக்கு வரும் வில்லியமும், பயண அனுமதிச் சீட்டு தயாரிக்கும் நிறுவனத்தில் வேலை பார்க்கும் மரியாவும் ஓர் இரவு ஒன்றாக இருக்கிறார்கள். அவள் அவனுடைய தாயின் குளோன் (மரபணு நகல்) என்பது பிறகுதான் தெரிய வருகிறது. மரபணுவில் 100, 50 அல்லது 25 விழுக்காடு ஒத்தவர்கள் கருத்தரிக்கக் கூடாது, தரித்திருந்தால் கலைத்துவிட வேண்டும் என்ற விதியோ படத்தின் தொடக்கத்திலேயே திரையில் எழுத்தாக வந்துவிடுகிறது.

அந்த 25-இலேயே நான் நின்றுவிட்டேன். என் அம்மா, அப்பாவுக்கு உடன்பிறந்த அக்காவின் மகள். திருமணத்திற்கு முன்பு எந்த ‘மாமா’ என்ற சொல்லால் அழைத்தாரோ, அதே சொல்லால்தான் இன்றும் அப்பாவைச் சாப்பிட அழைக்கிறார். அந்த விதி சேலத்தில் இருந்திருந்தால் நான் பிறந்திருக்கவே மாட்டேன். ஆனாலும் படம் பார்க்கும்போது விதி நியாயமாகத்தான் பட்டது. அப்படிப் பட்டதே எனக்கு உறுத்தலாக இருக்கிறது. இயக்குநர் அதைக் கொடுமை என்கிறாரா, தேவை என்கிறாரா? இதற்கிடையே தங்கைக்கு மாமன் மகனைப் பேசிக்கொண்டிருக்கிறோம். படத்தின் கணக்கு நிஜத்தில் எவ்வளவு தூரம் செல்லும்?

அம்மா கேட்டது ஒரே கேள்வி: “அவள் இவனுக்கு என்ன முறை வேணும்?” எனக்குப் பதில் தெரியவில்லை.

உயிரியல் ஆசிரியர், அஸ்தம்பட்டி:

கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் சராசரியாக 25 விழுக்காடு பொது. அத்தை மகன், மாமன் மகள் உறவில் 12.5 விழுக்காடு. ஆகவே உங்கள் பெற்றோர் படத்தின் விதிக்குள் மாட்டுவார்கள், உங்கள் தங்கை தப்பிவிடுவார். ஒரே தலைமுறையை மட்டும் பார்த்தால்தான் இது சரி. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே கொடுத்து வாங்கிய குடும்பங்களில் உண்மையான பங்கு இதைவிடக் கூடுதலாக இருக்கும், உங்கள் தங்கை விஷயத்திலும் அப்படித்தான்.

பொதுவாக நூறு குழந்தைகளில் சுமார் மூன்று குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு இருக்கும் என்றால், மாமன் அத்தை மக்கள் மணந்துகொள்ளும்போது அது ஏறத்தாழ ஆறாகிறது. இரட்டிப்பு என்று சொன்னால் அச்சம் வருகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு குழந்தைகளுக்கு அப்படிக் குறை இல்லை என்றால் அச்சம் போய்விடுகிறது. இரண்டும் ஒரே கணக்குதான். விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டு கவலைப்படுவதைவிட, மாப்பிள்ளை, பெண் இருவருக்கும் தலசீமியா (பரம்பரையாக வரும் இரத்தச் சோகை நோய்) இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது பயனுள்ளது. இருவரும் அந்த மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு உண்டு. ஒருவர் மட்டுமே சுமந்தால் பிள்ளைக்கு அந்த நோய் வராது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் தாய்மாமன் - அக்கா மகள் உறவைத் தடை செய்யப்பட்ட உறவுப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. வழக்கம் அனுமதித்தால் செல்லும் என்று அதே சட்டம் விலக்கும் தருகிறது. உங்கள் பெற்றோரின் திருமணம் அந்த விலக்கில்தான் நிற்கிறது.

ஏற்காட்டிலிருந்து ஒரு திரைப்பட விரும்பி:

ஆசிரியரின் கணக்கில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இயக்குநரின் கோபம் விதியின் மேல் அல்ல, அதை நிறைவேற்றும் விதத்தின் மேல் என்பது என் கருத்து. தெரியாமல் நடந்தால் மருத்துவச் சிகிச்சை, தெரிந்தே செய்தால் குற்றம் என்கிறது விதி. அந்தச் ‘சிகிச்சை’ என்னவென்று பாருங்கள். மரியாவின் கருவைக் கலைத்து, அவனைப் பற்றிய நினைவையும் துடைத்தெடுத்து, அவன் தொட்டாலே உடல் நடுங்கி விலகும்படி ஒரு வைரஸை ஏற்றி விடுகிறார்கள். மனம் அவனை விரும்ப, உடல் அவனைத் தள்ளும் அந்த ஜெபல் அலி (துபாய்ப் பகுதி ஊர்) அறைக் காட்சியில் மரியாவாகச் சமந்தா மார்ட்டன் நடித்திருப்பதை இரண்டாம் முறை பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

கருத்தரிப்பைத் தடுக்க வந்த விதி காதலையும் தோலுக்குள் புகுந்து தடுக்கிறது. இருவரும் மறுபடி சேர்ந்து பிடிபட்ட பிறகு வரும் தண்டனையும் ஒரே தட்டில் இல்லை: அவன் எல்லாம் மறந்து மனைவியிடம் போய்ச் சேர்கிறான், அவளோ இம்முறை நினைவுகள் துடைக்கப்படாமலே நகரத்துக்கு வெளியே, அனுமதிச் சீட்டு இல்லாதவர்களின் பாலைவனத்தில் விடப்படுகிறாள். படம் முழுக்கக் கதை சொல்வது அவள் குரல்தான் என்பதைக் கவனித்தீர்களா? மறக்காதவளால்தானே கதை சொல்ல முடியும்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர், ஓமலூர்:

அம்மா கேட்ட கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே. குளோன் என்பது காலம் தவறிப் பிறந்த ஒத்த இரட்டைப் பிறவி. தாயின் இரட்டையர் எனில், வயதில் இளையவளாதலால், மரியா அவனுக்குச் சித்தி முறை.

நம் முறை மரபணுவை எண்ணுவதில்லை, வழியை எண்ணுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொங்கு வேளாளரிடையே ஒரே கூட்டத்தில் (குலப் பிரிவில்) பிறந்தவர்கள், பத்துத் தலைமுறைக்கு அப்பால் பிரிந்து மரபணுவில் ஏறக்குறைய அந்நியராகிவிட்டாலும், பங்காளிகள்தான். பெண் கொடுக்க மாட்டார்கள். அக்கா மகளோ கால் பங்கு ஒத்திருந்தும் உரிமைப் பெண். மரபணு விதியின் முன் இவ்வழக்கம் பாதி தலைகீழாக நிற்கிறது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. என் வீட்டிலும் இதற்கு விலை கொடுத்தவர்கள் உண்டு.

அம்மாப்பேட்டை வாசகி:

அனைவருக்கும் நன்றி. இரத்தப் பரிசோதனை பற்றி மாமா வீட்டில் பேசினோம். அத்தைக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது, தங்கையின் மாப்பிள்ளையோ மறுநாளே கொடுத்துவிட்டு வந்துவிட்டார். சித்தி முறை என்று அம்மாவிடம் சொன்னேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “சித்தின்னா பையன் கிட்டவே போயிருக்க மாட்டானே. அவ்வளவு பெரிய ஊர்ல ஒருத்தர் கூடவா சொல்லல?” என்றார்.