கடலூரில் ஃப்ரீ டிஷ் சிக்னல் விட்டுவிட்டு வருகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. தேவனாம்பட்டினத்தில் அம்மா வீட்டு மாடியில் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. கொஞ்ச நாளாகப் படம் கட்டம் கட்டமாக உடைந்து, அப்புறம் அப்படியே நின்றுவிடுகிறது. மழை கொட்டும்போது என்றால் சரி, வானம் தெளிவாக இருக்கும்போதும் இதே கதைதான்.

டிவியில் கோளாறு இல்லை. பென் டிரைவில் போட்டால் சுத்தமாக ஓடுகிறது. செட்டாப் பாக்ஸில் ஸ்ட்ரெங்த் நன்றாகக் காட்டுகிறது, குவாலிட்டி மட்டும் ஏறி இறங்குகிறது. ஃப்ரீ டிஷ் சிக்னல் அனுப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் இருப்பது 93.5 டிகிரி கிழக்கில். நம் ஊரிலிருந்து தென்கிழக்கே, நன்றாக நிமிர்ந்து பார்க்க வேண்டும். டிஷ் அப்படித்தான் நிற்கிறது, ஆனால் காற்றடித்தால் லேசாக ஆடுகிறது. உப்புக்காற்றில் ஸ்டாண்டு போல்ட்டும் எல்என்பி (டிஷ் முன்னால் சிக்னலை வாங்கும் கருவி) கனெக்டரும் துருவேறிவிட்டன. என் சந்தேகம் முழுக்க அங்கேதான்.

பார்க்க வந்தவர் எல்லாவற்றையும் புதிதாக வாங்கச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. போல்ட்டை மாற்றி இறுக்கி, புது கனெக்டர் போட்டால் போதாதா? எல்என்பியும் மாற்ற வேண்டுமா? கனெக்டருக்குள் உப்பு இறங்காமலிருக்க என்ன சுற்றுகிறீர்கள்? புதுச்சேரி, கடலூர் கடலோரத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அம்மா புயல் செய்தி பார்ப்பது இந்த டிவியில்தான், அதனால் ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.