கடைசியில் சாமி கும்பிட்டாராமே!

உசிலம்பட்டிக்காரர்:

சாமியார்களின் ‘அற்புதங்களை’ எல்லாம் மேடையில் செய்துகாட்டி அம்பலப்படுத்திய பகுத்தறிவாளர் பசவ பிரேமானந்தை நான் நேரில் பார்த்ததில்லை. அவரிடம் வித்தை கற்றுக்கொண்டு வந்த ஒரு வாத்தியாருக்குப் பெட்டி தூக்கியிருக்கிறேன். ‘மந்திரமா தந்திரமா’ என்று ஊர்ச் சாவடிகளில் நடத்துவார். தேங்காய்க் குடுமி நாருக்குள் சோடியத் துண்டு ஒன்றைச் செருகி வைத்திருப்பார். தண்ணீர் தெளித்ததும் குப்பென்று பற்றும். சாம்பலைக் கஞ்சியில் குழைத்து, உருட்டிக் காயவைத்து, கட்டைவிரல் இடுக்கில் ஒளித்துக்கொண்டால் வெறுங்கையில் விபூதி வரும். கூட்டத்தில் யார் அதிகமாக முறைக்கிறாரோ அவரையே கூப்பிட்டுச் செய்யச் சொல்வார். ஒருமுறை வந்தவர் குறி சொல்லும் உள்ளூர்க் கோடாங்கி. நன்றாகவே செய்தார்! முடிந்ததும் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஊர்க் கருப்பசாமியைப் பற்றி வாத்தியார் ஒரு வார்த்தை தப்பாகப் பேசி நான் கேட்டதில்லை. தகடு, தாயத்து என்று காசு பிடுங்குகிறவர்களிடம்தான் அவருக்கு வம்பு.

வாத்தியார் இறந்த அன்று பெரிய சண்டை ஃபேனுக்காக. கண்களைத் தானமாகக் கொடுப்பதாக எழுதி வைத்திருந்தார். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை ஃபேனை நிறுத்தி, இமையை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொன்னார்கள். “செத்த மனுசனுக்குக் காத்துகூட விடமாட்டியாடா?” என்று அவருடைய சின்னம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். கண் போனது, உடம்பு மதுரை மருத்துவக் கல்லூரிக்குப் போனது. நீர்மாலை இல்லை, தேர் இல்லை.

கேதம் கேட்க வந்தவர்கள் ஆரம்பித்தார்கள்: “கடைசியில ‘கருப்பா’ன்னு கூப்பிட்டாராமே வாத்தியாரு!” பக்கவாதம் வந்து பேச்சே நின்றுபோன மனிதர். எப்படிக் கூப்பிட்டிருப்பார்? அதைச் சொன்னால், “மனசுக்குள்ள கூப்பிட்டிருப்பாருப்பா” என்கிறார்கள். இதற்கு மேல் என்ன பேச?

பிரேமானந்துக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. 2009 அக்டோபர் 4-இல் கோவை போத்தனூரில் இறந்தார். அதற்கு இரண்டு வாரம் முன்பே, பகுத்தறிவாளர்கள் சாகும்போது கடவுளிடம் திரும்பினார்கள் என்று வதந்தி கிளப்புவது வழக்கம், நான் அப்படித் திரும்பவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். புற்றுநோயோடு படுத்திருந்தவர் செய்த வேலை இது. அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகன் 1996-இல் இறந்தபோதும், கடைசி நேரத்தில் அவர் மனம் மாறவில்லை என்று மனைவி ஆன் ட்ரூயன் எழுத வேண்டியிருந்தது. எங்கள் வாத்தியார் மட்டும் அப்படி எழுதி வைக்காமல் போய்விட்டார்.

மேலூர்க்காரர்:

பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூரை விட்டுவிட்டீர்களே அண்ணே. திருவல்லாவில் பிறந்து இலங்கையில் தாவரவியல் வாத்தியாராக இருந்தவர். அற்புத சக்தியை ஏமாற்று இல்லாமல் நிரூபித்தால் ஒரு லட்சம் ரூபாய் என்று 1963-இல் சவால் விட்டார். 1978-இல் அவர் சாகும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. பிறகு பிரேமானந்த் அதே சவாலைக் கையில் எடுத்தார். கோவூர் கண்ணைக் கண் வங்கிக்கும் உடம்பை மருத்துவப் படிப்புக்கும் எழுதி வைத்தார். எலும்புக்கூடு, தான் வேலை பார்த்த கொழும்பு தர்ஸ்டன் கல்லூரி ஆய்வகத்துக்கு. செத்த பிறகும் வகுப்புக்குப் போன வாத்தியார்!

மதுரை, செல்லூரிலிருந்து ஒரு மகள்:

எங்கள் அப்பா மேடை ஏறியவர் இல்லை, அறிவியல் கட்டுரைகள் எழுதியவர். கிரகணத்தன்று உலக்கை நிற்கிறது என்று தெருவே கூடினால், மறுநாள் கிரகணமே இல்லாத நேரத்தில் அதே உலக்கையை நிறுத்திக் காட்டுவார். அடி தட்டையாக இருந்தால் எந்த நாளும் நிற்கும் என்பார்.

அவர் உடம்பையும் கொடுத்தோம். ஆனால் பதினாறாம் நாள் காரியமும் செய்தோம். அம்மாவுக்கு வேண்டியிருந்தது. அப்பாவின் நண்பர்கள் சிலர் அதனால் இன்றும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். அவர் விருப்பம் அவர் உடம்போடு. அம்மாவின் துக்கத்துக்கும் அவரேவா விதி எழுத முடியும்?

உடம்பைத் தானமாக எழுதி வைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. படிவத்தில் கையெழுத்து இருந்தாலும், அன்றைக்கு வீட்டார் ஒப்படைத்தால்தான் நடக்கும். பெண்டாட்டி பிள்ளைகளிடம் மட்டும் சொன்னால் போதாது. சண்டைக்கு வரப்போகிற சித்தப்பா, அத்தை, மாமன்களிடமும் நீங்களே வாயால் சொல்லிவிடுங்கள்.